அரிய நோயும் அறியா நோயும்

விழா மலர் ஒன்றுக்கு எழுதப் புகுவோர் தாம் பயின்ற வகுப்பறைகளையும், அஞ்சி நின்ற ஆசிரியர்களையும், விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளையும் நினைவுகூர்தல் மரபு. அம்மரபினை யாம் குறைகூறோம். எனினும், பழைய மாணவர் என்னுந் தொடரில் 'பழைய' என்னும் அடைமொழி ஆண்டுதோறும் பொருள் கனத்து வருதலை நம்மிற் பலர் மூட்டுக்களிலும் மூச்சிலும் உணர்ந்து வருகின்றோம். ஆதலின் முதியோர்க்கு, அவருள்ளும் சிறப்பாக முதிய ஆடவர்க்கு, வருவதாகிய ஓர் இருதய நோயையும், அதனைத் தேடிக் காண்பதற்கு இக்காலத்து எழுந்துள்ள புதுமுறை ஒன்றையும் பற்றி எமது கருத்தினை ஈண்டு எழுதுதல் பொருந்தாச் செயலாகாது என நம்புகின்றோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நமது ஈரல் ஆக்கிக் குருதியில் விடும் புரதங்களுள் திரான்சுதைரெற்றின் என்பது ஒன்று. தைரொட்சின் என்னும் சுரப்பையும் உயிர்ச்சத்து ஏ எனப்படும் ரெற்றினோலையும் சுமந்து செல்லுதல் அதன் தொழில். அதன் பெயரே அத்தொழிலைக் கூறும். நான்கு கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து அமைந்தது அப்புரதம். முதுமையினாலோ, பெற்றோர்வழி வந்த ஒரு பிறழ்வினாலோ அப்பிணைப்புத் தளர்ந்து கூறுகள் பிரியுமாயின், அவை உருத்திரிந்து நுண்ணிய நார்களாகத் திரண்டு உடலின் பல பாகங்களிற் படியும். அமிலொயிட் என்பது அப்படிவுக்கு வைத்தியர் இட்ட பெயர். இருதயத் தசையில் அது படியுங்கால் சுவர் தடித்து விறைக்கும். விறைத்த இருதயம் விரிந்து குருதியை ஏற்கமாட்டாது. மூச்சு வாங்கும், கால் வீங்கும், களைப்பு மிகும். இதனைக் காண்போர் இருதயத் தளர்ச்சி என்பர். அது பிழையன்று, ஆயின், காய்ச்சல் என்பது போல அதுவும் ஒரு பொதுப்பெயரே. காரணம் அப்பெயருக்குள் மறைந்து கிடக்கும்.

பெற்றோர்வழி வரும் வகையினை 1952ஆம் ஆண்டிலே போர்த்துக்கல் நாட்டு வைத்தியர் கொரினோ அந்திராதே என்பார் அந்நாட்டின் வடபகுதி மக்களிடையே கண்டு விரித்தெழுதினார். அங்கு அது முதலில் நரம்புகளையே தாக்கிற்று. ஆபிரிக்க வழித்தோன்றலான அமெரிக்கரில் நூற்றுக்கு மூவர் அல்லது நால்வர் இருதயத்தைத் தாக்கும் பிறழ்வொன்றைத் தம் பரம்பரை உடைமையாகக் கொண்டுள்ளனர். பிறழ்வு எதுவுமின்றி முதுமை காரணமாக மட்டுமே வருவது மற்றை வகை. அறுபத்தைந்து வயதைக் கடந்த ஆடவரிடத்தே அது பெரிதும் காணப்படும். எமது கட்டுரை இவ்வகையைப் பற்றியதே.

இதனை அரிய நோய் என்று நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. உண்மையில் இஃது அரிய நோயா, அன்றி அறியா நோயா? 2008ஆம் ஆண்டில் வெளிவந்த பின்லாந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்றில், எண்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் வாழ்ந்து இறந்தோரின் உடல்களை அறுத்து நோக்கியபோது, நால்வரில் ஒருவரது இருதயத்தில் இப்படிவு காணப்பட்டது. படிவு கண்டவரெல்லாம் அதனாலே நோயுற்றனர் என்பதன்று. ஆயினும் எண்ணத்தகும் செய்தி அது. 2015இல் ஸ்பானிய வைத்தியர்கள், சுருங்கும் வலி குன்றாதிருந்தும் தளர்ச்சியுற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட, சுவர் தடித்த இருதயமுடைய முதியோர் 120 பேரை ஆராய்ந்தனர். அவருள் 16 பேருக்கு நோய் இதுவே என்று கண்டனர். நூற்றுக்குப் பதின்மூவர்! இவ்வளவினதாகிய ஒன்றை அரியது என்று ஒதுக்கியது நோயின் இயல்பினாலன்று, நோக்கியவர் நோக்கினாலேயே என்பது எமது துணிபு.

நோக்கியவர் மூடர் அல்லர். இந்நோய் தன் அடையாளங்களை ஒரே இடத்தில் வைப்பதில்லை என்பதே இங்குள்ள இடர். இருதயம் தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே மணிக்கட்டின் ஒடுங்கிய வழியிலே படிவு சேர்ந்து நரம்பினை நெருக்கும். பெருவிரலும் அடுத்த விரல்களும் இரவில் மரத்துப் போகும். இரு கைகளிலும் அவ்வாறு நேரும். நோயாளி கைச்சத்திர வைத்தியரிடம் செல்வார். அவர் கீறி நரம்பினை விடுவித்து அனுப்பிவிடுவார். பின்னர் ஒருநாள் பாரம் ஏதும் தூக்காமலே புயத்தின் நாண் அறும். முள்ளந்தண்டின் உட்குழாய் ஒடுங்கி நடை தளரும். அது வேறொரு வைத்தியரின் ஏட்டில் ஏறும். சோணையறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும். அது மூன்றாமவர் ஏட்டில் ஏறும். ஈற்றில் மூச்சிளைப்போடு இருதய வைத்தியர் முன் அம்முதியவர் அமரும்பொழுது, கை மரத்த கதையை அவரும் சொல்வதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை. இருதயத்துக்கும் பெருவிரலுக்கும் என்ன தொடர்பு என்று எவரே எண்ணுவர்? ஒலியலைப் படத்திற் சுவர் தடித்துத் தோன்றும். தடித்த தசைக்கு மின்வரைபடத்தில் அலைகள் உயர்ந்து தோன்றவேண்டும். இங்கோ பலரிடத்து அவை தாழ்ந்தே காணப்படும். இவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கே அம்முரண் புலப்படும்.

முன்னாளில் இதனைக் கண்டறிந்தும் பெரும்பயன் விளைந்ததில்லை. உறுதி செய்வதற்கு இருதயத் தசையிலேயே ஒரு துணுக்கை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. எடுத்து உறுதி செய்தபின் கொடுப்பதற்கு மருந்துமில்லை. இவ்விரண்டும் அண்மையில் மாறின. எலும்பினைப் படமெடுப்பதற்கு வழங்கிய கதிரியக்கப் பொருளொன்று இப்படிவுள்ள இருதயத்திலும் பற்றிக்கொள்ளுமென்பதும், குருதியிலும் சிறுநீரிலும் வேறொரு புரதம் இல்லையென்று தெளிந்தபின் அப்படமே போதியதென்பதும் 2016இல் பல நாட்டு வைத்தியர் கூடி எழுதிய கட்டுரையால் நிலைபெற்றன. டஃபாமிடிஸ் என்னும் மருந்து புரதத்தின் நான்கு கூறுகளையும் பிரியாது பிணித்து வைக்கும். 441 நோயாளரிடத்துச் செய்த சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. முப்பது மாதங்களில் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 29.5 பேரும், பெறாதோருள் 42.9 பேரும் இறந்தனர். 2019இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதியளித்தது. பின்னர் வேறு சில மருந்துகளும் வந்துள்ளன. இங்கு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். அம்மருந்து மேலும் படிவதைத் தடுக்குமேயன்றி முன்னர்ப் படிந்ததைக் கரைக்காது. அதன் நன்மையும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னரே உயிர்க்கணக்கிற் புலப்பட்டது. எனவே, பிந்தி அறியப்பட்ட நோயாளிக்கு அது பிந்திய மழை. காலம் தாழ்த்தாது அறிதலே இங்கு மருந்துக்குச் சமமாகின்றது.

நிற்க. இனிப் புதுமுறைக்கு வருவோம். சிதறிக் கிடக்கும் ஏடுகளை ஒருங்கே படிப்பதற்கு மனிதருக்கு நேரமில்லை, கணனிக்கு உண்டு. 2021ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், இந்நோயுடையோர் எனக் குறிக்கப்பட்ட 1,071 பேரின் காப்புறுதிப் பற்றுச்சீட்டுப் பதிவுகளையும், வேறு காரணத்தால் இருதயம் தளர்ந்தோர் 1,071 பேரின் பதிவுகளையும் கணனிக்குக் கொடுத்து, இவ்விரு சாராரையும் பிரித்தறியக் கற்பித்தனர். அவ்வாறு கற்றதனை நாடளாவிய மூன்று தொகுதிகளிலும், நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தோடு இணைந்த வைத்திய நிலையத்தின் ஏடுகளிலும் சோதித்துப் பார்த்தனர். எல்லாவற்றிலும் அது நன்கு பிரித்தறிந்தது என்பது அவர்கள் கூற்று.

கணனிக்குக் கற்பித்தல் என்பது மந்திரமன்று. இங்குக் கையாண்ட முறையினை லியோ பிறைமன் என்னும் புள்ளிவிபரவியற் பேராசிரியர் 2001இல் விரித்துரைத்தார்; எழுமாற்றுக் காடு என்று அதனைத் தமிழில் வழங்கலாம். (கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவம் முழுவதையும் தமிழிற் கற்பித்தாராதலின், இவ்வொரு சொல்லுக்குத் தமிழ் இடங்கொடாது என்று எவரும் சொல்லவேண்டா.) 'மணிக்கட்டில் நோயுண்டா? உண்டெனில், துடிப்பில் ஒழுங்கின்மை உண்டா? உண்டெனில், நெஞ்சறையில் நீர் உண்டா?' என்று கிளைகிளையாக வினவிச் சென்று, 'ஆம்' அல்லது 'அன்று' என்று முடியும் வினாவொழுங்கு ஒரு மரம். ஒரு மரத்தின் தீர்ப்பை நம்ப முடியாது. ஆகவே நோயாளருள் எழுமாறாகச் சிலரையும், குறிகளுள் எழுமாறாகச் சிலவற்றையும் எடுத்து எடுத்து, நூற்றுக்கணக்கான மரங்களை வளர்ப்பர். ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்திற் பிழைக்கும். யாவற்றின் வாக்கையும் எண்ணிப் பெரும்பான்மையை எடுக்குங்கால் பிழைகள் பெரிதும் ஒன்றையொன்று அழித்து உண்மை எஞ்சும். ஊர்ப் பஞ்சாயத்தை ஒத்தது என்று கூறலாம். ஆயின் இப்பஞ்சாயத்தார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை, அதனாலேயே தீர்ப்பு நன்றாகின்றது.

இச்செய்தியைப் பத்திரிகைகள் 'வைத்தியரை வென்ற இயந்திரம்' என்ற வகையிலே கொண்டாடுதல் வழக்கம். அக்கொண்டாட்டத்தில் யாம் கலந்துகொள்ளமாட்டோம். இயந்திரம் புதிதாக யாதொன்றையுங் கண்டிலது. மணிக்கட்டுக்கும் இருதயத்துக்குமுள்ள தொடர்பு வைத்திய நூல்களில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. நோயாளியின் கை கீறப்பட்டதென்பதும் ஏட்டிலே எழுதப்பட்டிருந்தது. எழுதிய இரண்டையும் ஒருவர் சேர்த்துப் படித்திலர் என்பதே குறை. ஆகவே இயந்திரத்தின் வெற்றி என்று சொல்லப்படுவது, ஒருவகையில், உறுப்புக்கொரு வைத்தியராகப் பிரிந்து நின்று மனிதனை மறந்த மருத்துவமுறையின்மேற் கூறப்பட்ட குற்றச்சாட்டுமாகும். எனினும் குற்றஞ்சாட்டுவோன் உதவியும் செய்வானாயின் அவனைத் தள்ளுதல் அறிவுடைமையன்று. முதியோர் ஏடுகளை இவ்வாறு தேடுதல் நல்லதே, செய்யத்தக்கதே என்பது எமது கொள்கை. ஆயின் எப்படிச் செய்யவேண்டும், எவர் செய்யவேண்டும் என்பவற்றில் எமக்குச் சொல்லவேண்டியவை சில உள.

உயர்வகுப்பில் நிகழ்தகவு படிக்கும் மாணவர் பின்வரும் கணக்கினைத் தாமே செய்து பார்க்கட்டும். இருதயத் தளர்ச்சியுற்றோர் 10,000 பேர் உளர் எனவும், அவருள் 100 பேருக்கு இந்நோய் உண்டு எனவும் வைத்துக்கொள்வோம். கருவி நோயுள்ளவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையும், நோயில்லாதவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரையும் சரியாகச் சொல்லும் எனவும் கொள்வோம். கேட்பதற்கு மிக நல்ல கருவியே. அது நோயாளர் 90 பேரைப் பிடிக்கும். 10 பேரை விடும். நோயற்றவர் 9,900 பேருள் 990 பேரையும் நோயாளர் என்று பிடிக்கும். ஆக 1,080 பேர் பிடிபடுவர். அவருள் உண்மை நோயாளர் 90 பேர், அஃதாவது பன்னிருவருக்கு ஒருவர். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நோயுள்ளவரையும் இல்லாதவரையும் ஒன்றுக்கு ஒன்றாக நிறுத்திச் சோதிக்கும்போது இவ்வுண்மை மறைந்துவிடும். மேற்கூறிய ஆராய்ச்சியிலேயே கற்பித்த தொகுதியில் இருசாராரும் சமன். வைத்திய நிலையத்தின் ஏடுகளிலோ நோயாளர் 261 பேர், மற்றையோர் 39,393 பேர். உலகம் இரண்டாவது தொகுதியைப் போன்றதேயன்றி முதலாவதைப் போன்றதன்று.

இக்கணக்கைக் கண்டு, 'பன்னிருவருட் பதினொருவர்க்குப் பொய் சொல்லுங் கருவி எதற்கு?' என்று சினப்போரும் உளர். அதுவும் பொருந்தாது. கருவி இல்லாவிடில் நூறு பேரைச் சோதித்து ஒருவரைக் காணவேண்டும். கருவி இருப்பின் பன்னிருவரைச் சோதித்து ஒருவரைக் காணலாம். இது சுளகாற் புடைத்தல், சோறாக்குதலன்று. புடைத்த அரிசியிலும் கல் இருக்குமென்று அறிந்தவள் அரிசியைக் களைந்தே உலையிலிடுவாள். ஆகையால், கணனி பிடித்துத் தந்த பெயரைக் கொண்டு நோயாளிக்கு நேரே கடிதம் எழுதி, 'உமக்குக் கொடிய இருதய நோய் இருக்கக்கூடும்' என்று அறிவித்தலை யாம் வன்மையாக மறுக்கின்றோம். எண்பது வயது முதியவர் அக்கடிதத்தைத் தலையணைக்கீழ் வைத்துக்கொண்டு எத்தனை இரவு உறங்குவார்? பெயர் அவரை அறிந்த வைத்தியரிடமே செல்லவேண்டும். வைத்தியர் கையைப் பார்த்து, மின்வரைபடத்தையும் ஒலியலைப் படத்தையும் அருகருகே வைத்து, தேவை கண்டால் மட்டுமே மேற்சோதனைக்கு அனுப்பவேண்டும். குருதிச் சோதனையையும் சிறுநீர்ச் சோதனையையும் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நம்புதலும் ஆகாது. என்னை? என்பு மச்சையிற் பிறக்கும் வேறொரு புரதமும் இவ்வாறே இருதயத்திற் படியும். அதற்கு மருத்துவம் வேறு. அதில் வாரக்கணக்கிலே தாமதித்தாலும் உயிர் போகும். இரண்டையும் மாற்றிக்கொள்ளுதல் பெருங்கேடு.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என்னும் நான்கினையும் மருத்துவத்தின் உறுப்புக்களாக வகுத்தார். இப்புதிய கருவி அந்நான்கனுள் எது என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாக வினவினார். உழைச்செல்வான் என்பதே எமது விடை. ஏடு தூக்கிவந்து, 'ஐயா, இதையும் ஒருகாற் பாருங்கள்' என்று சொல்லும் உரிமை அதற்கு உண்டு. வைத்தியன் இருக்கையில் அமரும் உரிமை இல்லை.

இனிக் கருவி கற்ற பாடப்புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது படித்தது நோயாளரின் உடலையன்று. வைத்தியர் காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுப்பிய பற்றுச்சீட்டுக்களின் குறியெண்களை. இந்நோயின் பரம்பரையல்லாத வகைக்குத் தனிக் குறியெண்ணே அமெரிக்காவில் 2017 ஒக்ரோபரிலேதான் வழக்கில் வந்தது. அன்றியும், நோயாளர் எனக் குறிக்கப்பட்டோர் யாவர்? யாரோ ஒரு விழிப்புள்ள வைத்தியர் ஐயுற்று, சோதித்து, உறுதி செய்த நல்லூழ் உடையோர். அவ்வூழ் இல்லாதோர் பலர், நோயற்றவர் என்று நிறுத்தப்பட்ட மறுவரிசையிலேயே நின்றிருக்கக்கூடும். அறியப்படாத நோயாளியை நோயற்றவன் என்று சொல்லிக் கற்பித்தால், அவனைப் போன்றவனை நாளையும் அது விட்டுவிடும். 2019இல் 'சயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இவ்வகைத் தவற்றை எல்லோரும் காணக் காட்டிற்று. அமெரிக்க வைத்தியசாலைகள் பல, எவருக்கு மேலதிகக் கவனிப்புத் தேவையென்று தெரிவதற்குக் கையாண்ட கணனிமுறை ஒன்று, நோயின் கடுமையை நோயாளிக்குச் செலவிட்ட பணத்தால் அளந்தது. கறுப்பினத்தவர்க்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. ஆகவே அவர்களுடைய நோயும் குறைவு என்று அது கணித்தது! இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதற்குக் கற்பிக்கப்படவில்லை. செலவுக் கணக்கே அதற்குப் போதியதாயிற்று. பரம்பரை வகை மிகுதியாக உள்ள மக்களுக்கே ஏடுகள் மெலிந்து கிடக்கின்ற நாட்டில், ஏடுகளாலே அந்நோயைத் தேடுவோர் இதனை மறத்தலாகாது.

பிறிதொன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது டஃபாமிடிஸ் மருந்தினை விற்கும் பைசர் நிறுவனமே. எழுதினோருள்ளும் அதன் ஊழியர் உளர். கட்டுரையில் அது மறைக்கப்படவில்லை. அதனால் ஆராய்ச்சி பொய்யென்று யாம் சொல்லோம். வலை நன்றாய் முடையப்பட்டிருந்தால், அதை முடைந்தவன் மீன் விற்பவன் என்பது வலையின் குற்றமன்று. ஆயினும் அம்மருந்து சந்தைக்கு வந்தபோது ஓராண்டுக்கு அது 225,000 டொலர் விலை குறிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு முதியவரும் ஒரு வாடிக்கையாளர். கண்ணியின் இழையை எவ்வளவு நெருக்கமாக முடைவது, எவ்வளவு ஐயமுள்ளவரைச் சோதனைக்கு அனுப்புவது என்னும் அளவுகோலை விற்பவர் கையில் விடுதல் தகாது. அவ்வளவுகோலை வகுப்பவர் மருந்தினால் இலாபமும் அடையாதவராய், சோதனைச் செலவை மிச்சப்படுத்துவதால் இலாபமும் அடையாதவராய் இருத்தல் வேண்டும். இரண்டாவது சாராரை மக்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர். கண்டுபிடித்தால் மருந்து கொடுக்கவேண்டி வருமே என்று கண்டுபிடியாதிருக்கும் காப்புறுதி நிறுவனம், விற்பவரினும் கொடிது.

நம் நாட்டைப் பற்றி ஒரு பகுதியாவது எழுதாது விட்டால் இம்மலரின் வாசகர் எம்மைப் பொறார். பெரும்பாலான முதியோருடைய இருதய வரலாறு இன்னும் அவரவர் கைப்பையிலுள்ள கிளினிக் கொப்பியிலேயே இருக்கின்றது. நனைந்தும் கிழிந்தும், ஒரு கொப்பி முடிந்து மறு கொப்பி தொடங்குகையில் முன்னைய வரலாறு அடுப்பங்கரைக்குப் போயும், அவை படும் பாட்டை யாவரும் அறிவர். பணம் வாங்காது மருத்துவம் செய்யும் அரச வைத்தியசாலைகள் நமக்கு உள. அமெரிக்கர் பெருஞ்செலவு செய்தும் அடையாத பேறு அது. எனினும் அந்நாட்டின் பற்றுச்சீட்டுக்களைப் படித்து வளர்ந்த கருவியைக் கொணர்ந்து நம் கொப்பிகளின்மேல் வைத்தால் அது திகைத்து நிற்கும். மணிக்கட்டு மரப்புக்கு இங்கு எத்தனை பேர் சத்திரசிகிச்சை செய்துகொள்கின்றனர்? எண்ணெய் பூசி, இரவில் கையை உதறிக்கொண்டு படுப்போரே பலர். சத்திரசிகிச்சைக் குறியெண் இல்லை; எனவே நோயில்லை என்று அது சொல்லிவிடும். நம் ஏடுகளைக் கொண்டு நம்மவரே கருவி செய்தல் வேண்டும்; அதற்கு முன் ஏடுகள் இருத்தல் வேண்டும்.

ஏடுகள் கணனியில் ஏறத் தொடங்கும் காலத்தில், அவை யாருடையவை என்ற வினாவும் உடன் எழும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலச் செய்திகளைத் தனிக் காவலுக்குரியவையாக வகுத்திருக்கின்றது. அது நன்று. சட்டம் ஒருபுறமிருக்க, எமது கருத்து இதுவே: நோயாளியைக் குணப்படுத்துவதற்காக அவன் ஏட்டை அவனுடைய வைத்தியசாலையே தேடுதற்குத் தடை இருத்தலாகாது, அதே ஏட்டை விலைக்கு விற்றலுக்கு அனுமதியும் இருத்தலாகாது. இடைப்பட்டன யாவும் அவனைக் கேட்டே செய்யப்படவேண்டும்.

'மருந்து வாங்க வகையில்லாத நாட்டில் நோயைக் கண்டு என்ன பயன்?' என்பது இறுதியாக எழும் தடை. வலியதொரு தடையே, ஆயினும் முழுவதும் உண்மையன்று. இருதயத் தளர்ச்சிக்கு வழமையாகக் கொடுக்கும் மருந்துகளுட் சில இந்நோயாளிக்கு ஒவ்வா. விறைத்த இருதயம் ஒரு துடிப்பில் அதிகம் தள்ளமாட்டாதாகையால், துடிப்பின் வேகத்தாலேயே அது காலந்தள்ளும். அவ்வேகத்தைக் குறைக்கும் மருந்து அவரை மேலும் களைப்பிக்கும். நோயை அறிந்த வைத்தியர் அதனைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நீர் வெளியேற்றும் மருந்தை அளவறிந்து கொடுப்பார். ஒழுங்கற்ற துடிப்பினாற் குருதி உறைந்து மூளைக்குச் செல்லாதபடி காப்பார். பேஸ்மேக்கர் வேண்டுமோ என்று முன்கூட்டியே நோக்குவார். இவை எவையும் 225,000 டொலர் கேட்பனவல்ல. பரம்பரை வகையென்று தெளிந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் உரிய காலத்தில் எச்சரிக்கை சொல்லலாம். மருந்தின் விலையோ, உரிமைக்காலம் முடிந்ததும் வீழக்கூடியது. அந்நாள் வரும்போது நோயாளர் எத்தனை பேர், எங்குளர் என்று எண்ணத் தொடங்கும் நாட்டைக் காட்டிலும் முன்னரே எண்ணி வைத்திருக்கும் நாடு விரைந்து பயன்பெறும்.

கணனி வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் கல்லூரியிற் பயின்று இன்று ஈழத்திலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வைத்தியத் தொழில் புரியும் பழைய மாணவர்களை நோக்கி இதனைக் கூறுகின்றோம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர் தடித்த இருதயத்தோடு உங்கள் முன் அமரும்போது, 'ஐயா, கை மரத்ததுண்டா? இரண்டு கையுமா? எப்போது தொடங்கியது?' என்று கேட்டு, விடையை அவர் கொப்பியிலே எழுதிவிடுங்கள். அரைநிமிடம் செல்லாது. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் மூத்த பழைய மாணவர்களும், வைத்தியர் கேளாவிட்டாலும், தமக்கு நேர்ந்த கைச்சத்திரசிகிச்சையையும் அதன் ஆண்டையும், புய நாண் அறுந்ததுண்டாயின் அதனையும், தம் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்திலே தெளிவான எழுத்தில் எழுதி வைப்பார்களாக. கொப்பி மாறும்போது அப்பக்கத்தைப் பெயர்த்தெழுதும் பொறுப்பினைப் பேரப்பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.